பனி பொழிந்த அன்றே தொடங்கிய அரசியல்

அர்ஜென்டினப் படக்கதை எழுத்தாளர் எக்தோர் ஹெர்மான் ஓஸ்தர்ஹெல்ட் மீது ஒரு தீர்ப்பு நிலைத்துவிட்டது. மகத்தான கதைசொல்லி, ஆனால் அரசியல் அவரை விழுங்கிவிட்டது என்பதே அது. 1957 முதல் 1959 வரை சொலானோ லோபெஸின் ஓவியங்களுடன் அவர் எழுதிய 'எல் எதெர்னவுதா' உச்சம் என்றும், பின்னால் வந்ததெல்லாம் சரிவு என்றும் சொல்கிறார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நெட்ஃபிளிக்ஸில் ரிக்கார்தோ தரின் நடித்த தொடர் வெளிவந்ததிலிருந்து உலகம் முழுவதும் புதிய வாசகர்கள் ஓஸ்தர்ஹெல்டைத் தேடி வருகிறார்கள். அவர்கள் கையிலும் இந்தத் தீர்ப்பே வழிகாட்டியாகக் கொடுக்கப்படுகிறது. முதல் புத்தகத்தைப் படியுங்கள், மற்றதை விடுங்கள் என்று.

இந்தத் தரப்புக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அதை முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். 1968இல் அவர் சே குவேராவின் வாழ்க்கையைப் படக்கதையாக்கினார். 1969இல் தன் புகழ்பெற்ற கதையையே திருத்தி எழுதினார். அந்தத் தொடர் பாதியில் சுருக்கி முடிக்கப்பட்டது. 1970களில் இடதுசாரி பெரோனிய ஆயுத அமைப்பான மொந்தோனெரோஸில் சேர்ந்தார். அதன் பத்திரிகைகளுக்கு எழுதினார். 1976இல் தலைமறைவாக இருந்தபடியே 'எல் எதெர்னவுதா'வின் இரண்டாம் பாகத்தை எழுதத் தொடங்கினார். அதன் அரசியல் தொனி ஓவியர் சொலானோ லோபெஸுக்கே பிடிக்கவில்லை. மனைவி எல்சா சான்செஸ் ஆயுதப் பாதையை ஏற்கவில்லை. நான்கு மகள்களும் அவரும் கொல்லப்பட்டார்கள். ஆகவே ஒரு கலைஞன் கட்சிக்காரனானான், கலையும் போனது, குடும்பமும் போனது, உயிரும் போனது என்று வாதம் முடிகிறது. இரக்கத்தோடு சொல்லப்படுவதால் இதை எதிர்ப்பதும் கடினம்.

ஆனால் இது தவறு. எங்கெங்கே தவறு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. முதலில் காலக்கணக்கே இடிக்கிறது. வயதான தந்தையை அமைப்பிலிருந்த மகள்கள் இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது இந்தக் கதையின் பிரபலமான வடிவம். மகள்கள் எஸ்தெலா, தியானா, பெயாத்ரிஸ், மரினா. மூத்தவள் எஸ்தெலா பிறந்தது 1952இல். சே பற்றிய புத்தகம் வந்த 1968இல் அவளுக்கு 16 வயது, கடைசிப் பெண்ணுக்கு 11. மொந்தோனெரோஸ் என்ற பெயரை நாடு கேட்டதே 1970 மே மாதம், அவர்கள் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் அராம்புருவைக் கடத்தியபோதுதான். தென் அமெரிக்காவை வல்லரசுகள் விற்றுவிட்ட கதையாக 'எல் எதெர்னவுதா'வை ஓஸ்தர்ஹெல்ட் திருத்தியது அதற்கு ஓராண்டு முன்பு. இன்னும் தோன்றாத அமைப்பும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் ஐம்பதை நெருங்கிய ஒருவரின் எழுத்தை எப்படிக் கெடுத்திருக்க முடியும்? பின்னாளில் அமைப்பில் சேர்ந்ததில் மகள்களின் பங்கு இருந்திருக்கலாம். அவர் எழுத்தின் திசை அதற்கு வெகுமுன்பே தீர்மானமாகிவிட்டது.

2. எவ்வளவு முன்பே? 1953இல். அந்த ஆண்டு 'மிஸ்தெரிக்ஸ்' வார இதழில் 'சார்ஜென்ட் கிர்க்' தொடங்கியது. ஓவியம் ஹ்யூகோ பிராட். பின்னாளில் 'கோர்த்தோ மால்தேசே' வரைந்து உலகப் புகழ் பெறப்போகிற அதே பிராட்தான். அமெரிக்க மேற்குப்புறக் கதைகளில் செவ்விந்தியன் சுடப்படுவதற்கென்றே குன்றின் மேல் தோன்றிக்கொண்டிருந்த காலம் அது. ஓஸ்தர்ஹெல்டின் கிர்க் ஏழாவது குதிரைப்படை வீரன். செவ்விந்தியர்களின் படுகொலை ஒன்றில் பங்கெடுத்துவிட்டு, அதைத் தாங்கமுடியாமல் படையைவிட்டு ஓடிவந்தவன். தொடரின் நாயகன் அவன்தான், ராணுவத்திலிருந்து ஓடிவந்த ஒருவன்.

1957இல் 'எர்னி பைக்'. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க நிருபர் எர்னி பைலின் பெயரை ஒட்டி வைத்த பெயர் இது. கதையின் நிருபரான பைக்குக்கு பிராட் ஓஸ்தர்ஹெல்டின் முகத்தையே வரைந்தார். அந்தப் போர்க்கதைகளில் ஜெர்மானியனும் ஜப்பானியனும் பயப்படுகிற, பசிக்கிற, தாயை நினைக்கிற மனிதர்கள். கதையின் வில்லன் போர்தான். 1962 முதல் 1964 வரை அல்பெர்த்தோ பிரெச்சியா வரைந்த 'மோர்ட் சிண்டர்' இறந்து இறந்து உயிர்த்தெழும் ஒருவனின் கதை. அவன் வரலாற்றின் எந்த மூலைகளிலிருந்து திரும்பி வருகிறான் என்று பாருங்கள். அடிமைக் கப்பல், சிறைச்சாலை, பாபேல் கோபுரம் கட்டப்பட்ட இடம், தெர்மோபிலே போர்க்களம். அரண்மனைகளில் அவனுக்குப் பெரிய வேலையில்லை. இவையெல்லாம் 'கெட்டுப்போவதற்கு' முந்தைய ஓஸ்தர்ஹெல்ட் எழுதியவை.

3. இனி அந்த முதல் 'எல் எதெர்னவுதா'வுக்கே வருகிறேன். மாசற்ற சாகசக் கதை என்று எதைத் தூக்கிப் பிடிக்கிறார்களோ அதுதான் அவர் எழுதியவற்றிலேயே ஆழமான அரசியல் கதை. என் மறுப்பின் மையம் இது.

புவனோஸ் ஐரிஸின் புறநகர் ஒன்றில் நான்கு நண்பர்கள் மாடியறையில் இரவில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே ஒளிரும் பனி பொழியத் தொடங்குகிறது. மேலே பட்டவன் அங்கேயே சாகிறான். நால்வரில் ஒருவரான போல்ஸ்கி தன் வீட்டாரை நினைத்து வெளியே ஓடி, சில அடிகளிலேயே விழுகிறார். எஞ்சியவர்கள் ஹுவான் சால்வோ, அவன் மனைவி எலெனா, மகள் மார்த்தீத்தா, இயற்பியல் பேராசிரியர் ஃபவாலி, வங்கி ஊழியர் லூக்காஸ். ஜன்னல் இடுக்குகளை அடைக்கிறார்கள், உடலை மூடும் காப்புடை தைக்கிறார்கள். பிற்கால முன்னுரை ஒன்றில் ஓஸ்தர்ஹெல்ட் இதன் தொடக்கம் எங்கே என்று சொல்லியிருக்கிறார். ராபின்சன் குரூசோ தனக்கு எப்போதும் பிடித்த கதை என்றும், கடலுக்குப் பதில் மரணம் சூழ்ந்த ஒரு குரூசோவை எழுத நினைத்ததாகவும், அவன் தனியன் இல்லை, குடும்பமும் நண்பர்களும் கூட இருந்தார்கள் என்றும் அதில் எழுதுகிறார். அதே முன்னுரையில், உண்மையான நாயகன் கூட்டாக நிற்கும் நாயகன்தான் என்கிறார்.

எதிர்த்தரப்பு இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்த முன்னுரை 1970களில் எழுதப்பட்டது, கட்சிக்காரரானபின் பழைய கதைமேல் புதிய கொள்கையை ஏற்றினார் என்கிறார்கள். முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கதையை மட்டுமே படிப்போம்.

எதிர்ப்பு ராணுவம் ஒன்று திரள்கிறது. சால்வோவும் நண்பர்களும் அதில் சேர்கிறார்கள். ஃபிராங்கோ என்ற லேத் பட்டறைத் தொழிலாளி வருகிறான். கதையின் நடுப்பகுதி முழுக்க, யாரும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்பவன் அவன். சால்வோவின் உயிரைக் காப்பவனும் அவனே. படைத்தலைமை திட்டம் போடுகிறது, திட்டங்கள் நொறுங்குகின்றன, பேராசிரியரின் மூளையும் தொழிலாளியின் துணிச்சலும் சேரும் இடங்களில் மட்டும் மனிதர்கள் ஓர் அடி முன்னே போகிறார்கள். வாரம் வாரம் நூற்றுக்கும் மேற்பட்ட தவணைகளில் இது வளர்ந்தது. குரூசோவாகத் தொடங்கிய கதையை, எழுத எழுத, கதைமாந்தர்களே கூட்டத்தின் கதையாக மாற்றிவிட்டார்கள். 1970களின் முன்னுரை, 1959க்குள் நடந்து முடிந்த மாற்றத்துக்குப் பெயர் வைத்தது, அவ்வளவே.

பகைவரைப் பாருங்கள். முதலில் தாக்குபவை ராட்சத வண்டுகள். அவற்றின் கழுத்தில் இயக்குகருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அவற்றை இயக்குபவர்கள் எண்ணற்ற விரல்கள் கொண்ட 'மானோ'க்கள். அவர்களும் தோற்கடிக்கப்பட்ட ஓர் இனம்தான். உடலுக்குள் ஒரு சுரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பயந்தால் அது நஞ்சைச் சுரந்து அவர்களைக் கொல்லும். அதாவது எதிர்த்து நிற்க நினைத்து அஞ்சிய கணமே மரணம். பிடிபட்ட ஒரு மானோ சாகுமுன் தன் உலகத்தைப் பற்றிப் பேசும் பகுதி, படக்கதை வரலாற்றின் மிகத் துயரமான பக்கங்களில் ஒன்று என்பேன். பிடிபட்ட மனிதர்களின் கழுத்திலும் கருவி பொருத்தி, மனிதருக்கு எதிராகவே ஓட்டுகிறார்கள். இத்தனைக்கும் மேலே 'அவர்கள்' இருக்கிறார்கள். கடைசி வரை 'அவர்கள்' கண்ணில் படுவதே இல்லை. அடிமைகளைக் கொண்டு அடிமைகளை அடக்கி, தான் முகம் காட்டாமல் ஆளும் ஒரு அதிகார அடுக்கை, பையன்கள் கடையில் வாங்கும் ஒரு வார இதழில் ஒருவர் வரைந்து காட்டியிருக்கிறார். இதில் அரசியல் இல்லை என்றால் அரசியல் வேறு எதில்தான் இருக்கிறது?

களமும் தற்செயலாக அமைந்ததில்லை. ஹெனரல் பாஸ் சாலையில் சண்டை, ரிவர் பிளேட் கால்பந்து மைதானம் கோட்டை, நாடாளுமன்றச் சதுக்கம் பகைவரின் தலைமையிடம். 1955 ஜூன் 16 அன்று அர்ஜென்டினக் கடற்படை விமானங்கள் மாயோ சதுக்கத்தில் தம் மக்கள் மீதே குண்டுபோட்டு 300க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தன. அந்தச் செப்டம்பரில் அதிபர் பெரோன் கவிழ்க்கப்பட்டார். இரண்டே ஆண்டுகள் கழித்து 'எல் எதெர்னவுதா'வைப் படித்த புவனோஸ் ஐரிஸ் வாசகனுக்குத் தன் தெருவில் போர் நடப்பதும், நகரத்தின் மேல் வானத்திலிருந்து சாவு விழுவதும் வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. கதையின் பிற்பகுதியில் அந்த நகரத்தை அழிக்கும் அணுகுண்டும் மனிதர்கள் ஏவியதே, வடக்கிலிருந்து வந்ததே. 1969இல் அவர் வெளிப்படையாகச் சொன்னதற்கு விதை இங்கேயே கிடக்கிறது.

4. 1969இல் வாசகர்கள் நிராகரித்தார்கள் என்பது வழக்கமான அடுத்த வாதம். எதை நிராகரித்தார்கள், யார் நிராகரித்தார்கள் என்று கேட்க வேண்டும். புதிய வடிவம் 'ஹென்தே' என்ற வெகுஜன வார இதழில் வந்தது. ஓங்கனியாவின் ராணுவ ஆட்சி நடக்கிறது. அந்த ஆண்டு மே மாத இறுதியில் கோர்தோபா நகரத்தில் தொழிலாளரும் மாணவரும் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய கதையில் வல்லரசுகள் தாங்கள் தப்பிக்கத் தென் அமெரிக்காவைப் படையெடுப்பாளர்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. இம்முறை வரைந்த பிரெச்சியாவின் ஓவியமோ கீறலும் கறையும் இருளுமாகச் சோதனையின் எல்லைக்குப் போயிருந்தது. தொடரைச் சுருக்கி முடித்தபோது இதழ் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டது. முன்வைத்த காரணம் ஓவியம் புரியவில்லை என்பது. அந்த ஓவியங்களை இன்று படக்கதைக் கலையின் சாதனைகளில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள், இந்தத் தீர்ப்பை வழங்குபவர்களும் சேர்ந்தே. ஆக, பதிப்பாளர் நிறுத்திய ஒரு தொடரை வாசகர் தள்ளிய தொடராகவும், ஓவியத்தின் மேல் வந்த புகாரை அரசியலின் மேல் வந்த புகாராகவும் மாற்றித்தான் இந்த வாதம் நிற்கிறது. முடிவுப் பகுதி அவசர அவசரமாகச் சொல்லப்பட்டிருப்பது உண்மை. இடம் கொடுக்க மறுத்தவரை விட்டுவிட்டு, இடம் மறுக்கப்பட்டவரிடம் அதற்குக் கணக்குக் கேட்பது நியாயமில்லை.

5. இதே அளவுகோலை வேறொருவருக்கு வைத்துப் பாருங்கள். அர்ஜென்டின எழுத்தாளர் ரொதோல்ஃபோ வால்ஷ். ஓஸ்தர்ஹெல்ட் 'சார்ஜென்ட் கிர்க்' தொடங்கிய அதே 1953இல் வால்ஷ் துப்பறியும் கதைகளின் தொகுப்பொன்றை வெளியிட்டார். 'எல் எதெர்னவுதா' தொடங்கிய 1957இல், அரசு ரகசியமாகச் சுட்டுக்கொன்றவர்களைப் பற்றிய 'ஓப்பராசியோன் மசாக்ரே'யை வெளியிட்டார். பிறகு அவரும் மொந்தோனெரோஸில் சேர்ந்தார். 1977 மார்ச்சில், ராணுவ ஆட்சிக்கு அவர் எழுதிய திறந்த மடல் தேதியிட்ட மறுநாளே வீழ்த்தப்பட்டார். ஓஸ்தர்ஹெல்ட் கடத்தப்பட்டது அதற்கு ஒரு மாதம் கழித்து. இருவரும் ஏறக்குறைய ஒரே பாதையில் நடந்தவர்கள். வால்ஷ் பொழுதுபோக்கு எழுத்திலிருந்து சாட்சியத்துக்கு உயர்ந்தார் என்று இலக்கிய வரலாறு எழுதுகிறது. ஓஸ்தர்ஹெல்ட் சாகசத்திலிருந்து பிரச்சாரத்துக்கு விழுந்தார் என்று படக்கதை வரலாறு எழுதுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். படக்கதை எழுதுகிறவன் பிள்ளைகளை மகிழ்விக்க வேண்டியவன், நாட்டைப் பற்றிப் பேசினால் எல்லை மீறுகிறான் என்ற பழைய இளக்காரம். படக்கதையை நேசிப்பதாகச் சொல்கிறவர்களே அந்த இளக்காரத்தைச் சுமந்து திரிவதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

6. இரண்டாம் பாகம் பலவீனமானதுதான். இதை மழுப்ப நான் வரவில்லை. பாழான எதிர்காலத்தில் குகைகளில் வாழும் மக்கள், அவர்களைச் சுரண்டுகிற கூட்டம், இவர்களுக்கு நடுவே சால்வோ திரும்பி வருகிறான். இப்போது அவனுக்கு மனிதரை மீறிய ஆற்றல். அவன் கட்டளையிடுகிறான், மற்றவர்கள் கீழ்ப்படிகிறார்கள். இலக்குக்காகக் கூட இருப்பவர்களின் உயிரைக் கொடுக்க அவன் தயங்குவதில்லை. கதைசொல்லியான 'ஹெர்மான்' அருகில் நின்று அதைப் பார்த்து, நடுங்கி, ஏற்றுக்கொள்கிறார். 'எல் தெஸ்காமிசாதோ' இதழுக்காக 1973-74இல் எழுதிய லத்தீன் அமெரிக்க வரலாற்றுத் தொடரிலும் பல பக்கங்கள் பாடப்புத்தகமாகவே நிற்கின்றன.

ஆனால் இரண்டாம் பாகத்தில் எது தவறியது? முதல் பாகத்தில் ஃபிராங்கோவும் ஃபவாலியும் இல்லாமல் சால்வோ ஒரு நாள் தாங்கமாட்டான். இரண்டாம் பாகத்தில் அவனுக்கு யாரும் தேவையில்லை. கூட்டு நாயகன் போய், தளபதி வந்துவிட்டான். முதல் பாகத்தின் அரசியலைக் கைவிட்டதால்தான் இரண்டாம் பாகம் சாய்ந்தது. 1976இல் மொந்தோனெரோஸ் தலைமையே மேலிருந்து ஆணையிடும் ராணுவ அமைப்பாக இறுகியிருந்தது. அந்த இறுக்கம் கதைக்குள் அப்படியே இறங்கியிருக்கிறது. இதை விமர்சிக்க வேண்டுமென்றால் அரசியல் சொற்களிலேயே விமர்சிக்க வேண்டும். எந்த அரசியல், யாருடைய உயிரை யார் தீர்மானிப்பது என்று கேட்க வேண்டும். 'அரசியல் வந்தது, கலை போனது' என்ற சூத்திரம் அந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்கிறது. அதோடு, ஒளிந்து வாழ்ந்தபடி, மகள்கள் ஒவ்வொருவராகக் காணாமல்போகும் நாட்களில் எழுதப்பட்ட பக்கங்கள் இவை. அந்த ஹெர்மானின் நடுக்கத்தை வெறும் பிரச்சாரம் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

7. கடைசியாக, இந்தத் தீர்ப்பின் விளைவு. இதற்கு நேர் எதிரான ஒரு புனிதக் கதையும் உலவுகிறது. ஒரு படக்கதை எழுதியதற்காக அப்பாவி முதியவர் ஒருவரைக் கொன்றார்கள் என்று. அதையும் நான் ஏற்கவில்லை. அவர் அமைப்பின் பத்திரிகைப் பணியில் இருந்தார், தெரிந்தே இருந்தார். அதை மறைப்பது அவர் எடுத்த முடிவை அவரிடமிருந்து பறிப்பது. ஆனால் 'அரசியல் அவரை அழித்தது' என்று சொல்லும்போது கொன்றவர்கள் காட்சியிலிருந்தே வெளியேறிவிடுகிறார்கள். 1976 மார்ச் 24 அன்று ஆட்சியைப் பிடித்த ராணுவம், ஆட்களைக் கடத்தி, ரகசிய முகாம்களில் வதைத்து, உடலைக்கூட மறைப்பதை அரசு நடைமுறையாக வைத்திருந்தது. 1984இல் விசாரணை ஆணையம் பதிவுசெய்த காணாமல்போனோர் எண்ணிக்கை 8,961. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. அவர்களில் எத்தனையோ பேர் எந்த அமைப்பிலும் இல்லாதவர்கள். அந்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்தார் ஒரு பேச்சு பேசினார்கள், 'ஏதாவது செய்திருப்பார்கள்' என்று. கடத்தப்பட்டவர் மேலேயே பழியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள அந்தப் பேச்சு உதவியது. ஓஸ்தர்ஹெல்ட் மீதான தீர்ப்பு அதே பேச்சைத்தான் இலக்கிய விமர்சனமாக உடுத்திக்கொண்டு வருகிறது.

1977 ஏப்ரல் 27 அன்று லா பிளாத்தாவில் அவரைப் பிடித்தார்கள். காம்போ தே மாயோ, எல் வெசூபியோ முகாம்களில் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் உயிரோடு பார்த்ததாக முகாமிலிருந்து பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். 1978இல் கொல்லப்பட்டிருக்க வேண்டும், உடல் கிடைக்கவில்லை. நான்கு மகள்களில் பெயாத்ரிஸின் உடலை மட்டுமே எல்சாவிடம் கொடுத்தார்கள். தியானாவும் மரினாவும் பிடிபட்டபோது கர்ப்பிணிகள். காணாமல்போன பேரக்குழந்தைகளைத் தேடும் மாயோ சதுக்கப் பாட்டிமார் அமைப்பில் எல்சா சேர்ந்தார். கணவரும் மகள்களும் எடுத்த பாதையோடு தனக்கிருந்த முரண்பாட்டை மறைக்காமல் சொன்னார். கொன்றவர்கள் யார் என்பதில் ஒருநாளும் குழம்பாமல், 2015இல் இறக்கும்வரை அவர்களுக்குத் தண்டனை கேட்டார்.